வண்டியில் கிடந்தவளுக்குப் பதிலாக நாக்கை நீட்டியவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை கூசுகிறது. ஊர் வழக்கம், இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் போய் மூன்று வருஷமாகிறது. உங்களை நினைத்தால் அழுகை வரவில்லை, சண்டை போடத்தான் தோன்றுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை விராலிமலை அடிவாரச் சத்திரத்தில் இலவச வைத்தியம். எங்கள் மெடிக்கல் காலேஜ் லேடி டாக்டர், மாணவியான என்னையும் அழைத்துப் போயிருந்தார். வந்தவர்களை விசாரித்துச் சீட்டு எழுதுவது என் வேலை. முதல் தடவை என்பதால் ஒரே படபடப்பு.

கழுவிய மருந்து பாட்டிலோடு ஒருவர் வந்தார். "வவுத்து வலிங்க. சூடு. மிக்சர் குடுத்தாப் போதும்." பெயர் கேட்டேன், சொன்னார். நாக்கை நீட்டச் சொன்னேன், நீட்டினார். வெற்றிலைச் சிவப்பு. அப்படியே எழுதி டாக்டரிடம் கொடுத்தேன்.

"மீனாட்சின்னு எழுதியிருக்கியே, மீசை வச்ச மீனாட்சியா?" என்றார் டாக்டர்.

"எம் பொண்டாட்டி பேருங்க. அது வண்டியில கெடக்குது. ஆம்பள நான் சொன்னாப் பத்தாதா?"

அட பாவி மனுஷா! எனக்கு உங்கள் முகம்தான் தெரிந்தது. நான் சிறுமியாக இருந்தபோது ஒருநாள், வீட்டில் அம்மா சுருண்டு கிடந்தாள். நீங்கள் ஆஸ்பத்திரியில் "வயித்து வலி, சூடு" என்று சொல்லி, உங்கள் நாக்கை நீட்டினீர்கள். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நானும்தான் நின்றேன். அவளை ஒரு வார்த்தை கேட்டீர்களா? மூன்றாம் வேளை மருந்துக்கு அவள் இல்லை. விதி என்றீர்கள். விதியாம், விதி!

வண்டிக்கு ஓடினேன். "என்னக்கா செய்யுது?"

"அவுகதான் சொல்லியிருப்பாகளே."

"அவுக கெடக்கட்டும். நீங்க சொல்லுங்க."

"நாள் தள்ளி ரெண்டு மாசமாச்சு தாயீ. நேத்திலேருந்து ரத்தமாப் போகுது. அவுககிட்ட இதை எப்புடிச் சொல்றது?"

டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அடுத்த நிமிஷம் தம் காரிலேயே திருச்சிக்குக் கொண்டு போனார். கரு கர்ப்பப்பைக்கு வெளியே தங்கி வெடித்திருந்தது. ஆபரேஷன் நடந்தது, பிழைத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலியேங்க" என்று அந்த மனுஷர் திருதிருவென முழித்தார். கேட்டால்தானே சொல்லுவாள்? அம்மாவுக்கும் இதேதானா? இனி நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

சொந்தக்காரர்கள் அத்தனை பேர் ஏசியும் என்னை டாக்டருக்குப் படிக்க வைத்தீர்கள். ஏன்? அம்மாவுக்குப் பதிலாகப் பேசிய வாய், ஏன் என்பதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

இனி எந்தப் புருஷன் பேச்சைக் கேட்டும் பெண்டாட்டிக்குச் சீட்டு எழுத மாட்டேன். இது சத்தியம். உங்களை மன்னிப்பேன் என்று மட்டும் சத்தியம் செய்ய மாட்டேன்.

இப்படிக்கு,
மீசைக்காரர் நாக்கைப் பார்த்து மீனாட்சிக்குச் சீட்டு எழுதிய,
சந்தேகமே இல்லாமல் உங்கள் மகள்.