கூட நின்றவர் பெயர்

1996 ஜூன் 11, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஒரு கையில் குடை, மறு கையில் ஊன்றுகோல். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு பஸ். ஜீப் இடித்த பிறகு தனியாக பஸ் ஏறுவது இதுதான் முதல்.

வக்கீல் ஆபீசில் பெஞ்சு நிறைய ஆட்கள். மரமில்லில் மூன்று விரல் போன ஒருவர். ஆபரேஷனில் தப்பு நடந்தது என்று சொல்லும் ஒரு அம்மா. குமாஸ்தா எல்லாருக்கும் ஒரே மூச்சில் விளக்கினார். வேலையிடத்தில் அடிபட்டால் தொழிலாளர் நஷ்டஈடு. முதலாளி மேல் தப்பு உண்டா என்று பார்க்க வேண்டாம், ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பணம் வாங்கிச் சிகிச்சை செய்த ஆஸ்பத்திரியின் தப்பு என்றால் நுகர்வோர் கோர்ட். வண்டி இடித்தால் அதற்கென்று தனிக் கோர்ட். ஓட்டியவன் கவனமில்லாமல் ஓட்டினான் என்று காட்ட வேண்டும். பஸ் ஸ்டாப்பில் சும்மா நின்றவள் மேல் ஜீப் ஏறியதால் என் கேஸ் லேசாம். விரல் போனவர் கையைத் துண்டுக்குள் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

வக்கீல் கேட்டவை: மருந்துச் செலவு. ஆட்டோ வாடகை. பாலராமபுரம் கைத்தறிக் கடைக்கு எத்தனை மாதம் வேலைக்குப் போகவில்லை. வலி எப்படி. முட்டி இனி மடங்குமா. கடைசியில், பைஸ்டாண்டர் யார். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை நிற்பவருக்கு இங்கே அதுதான் பேர். அதற்கும் ஒரு தொகை உண்டாம்.

முப்பத்தெட்டு நாள் கிடந்தேன். யாரும் நிற்கவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. அடுத்த செவ்வாய் சொல்கிறேன் என்றேன். மனுவில் அந்த வரியைக் காலியாக விட்டார்.

ஜூன் 12, புதன்

லீலா வந்தாள். தம்பி தாசனின் மனைவி. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்தாள். நான் கேஸ் போடப் போவது தெரிந்ததிலிருந்து இது மூன்றாவது தடவை. வெந்நீர் வைத்து எனக்குத் தலை தேய்த்துவிட்டாள். இன்னொருவர் கை தலையில் பட்டு எவ்வளவு நாளாயிற்று. கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன்.

துவட்டும்போது சொன்னாள்: "மைனி, கூட நின்னது நானாக்கும்னு எழுதிருங்க. நான் ஒப்பு போட்டுத் தாறேன்."

பிள்ளைகளுக்கு அப்போது பரீட்சையாம். மனசெல்லாம் ஆஸ்பத்திரியில்தானாம்.

ஒரு நாள்கூட வரவில்லை அவள். தாசனும்தான். அதைச் சொல்லவில்லை நான். சொன்னால் நாளைக்கு வரமாட்டாள்.

ஜூன் 13, வியாழன்

கால் வீக்கம். உப்பு ஒத்தடம். உளுந்து தீர்ந்தது. ரவிக்கை இரண்டு தைக்கக் கொடுக்க வேண்டும்.

லீலா இன்றும். இரண்டு மணி நேரம் இருந்தாள். வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்பதே ஒரு சுகம்.

அவள் போன பிறகு பிலோமி நினைப்பு. எதிரே ஆண்கள் வார்டில் கிடந்த பூவார்க்காரரின் மனைவி. அவர் மீன்பிடி வள்ளத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர். அவருக்குச் செய்த கையோடு எனக்கும் செய்தாள். பெட்பான். கஞ்சி. முதுகுக்குப் பவுடர். ஒன்றையும் நான் கேட்கவில்லை. டிஸ்சார்ஜ் அன்று மருந்து வாங்க வெளியே போயிருந்தாள். சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

ஜூன் 15, சனி

பூவார். இரண்டு பஸ். மீன் விற்கிற பெண்களிடம் விசாரித்துக் கண்டுபிடித்தேன். வீட்டில் அவள் மட்டும். சுவரில் புருஷன் படம், மாலை போட்டு. தவக்காலத்தில் போய்விட்டாராம்.

என்னை அவளுக்குத் தெரியவில்லை.

"மொகம் ஓர்ம இல்ல அக்கா. அந்த நாள்ல நான் அங்கேரு மொகத்தத் தவிர ஒண்ணும் பாக்கல்ல."

காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்ததைச் சொன்னேன். உடனே குனிந்து பார்த்தாள். "அந்தக் காலா இது? நேரா ஆயிட்டா?" முட்டியை அமுக்கிப் பார்த்தாள். அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கேஸ் விவரம் சொன்னேன். உன் பெயரை எழுதுகிறேன், கிடைப்பது உனக்கு என்றேன். கையை எடுத்துவிட்டாள்.

"எழுதண்டாம் அக்கா. நான் கூலிக்கு நிக்கல்ல."

கருப்பட்டிக் காப்பி தந்தாள். பஸ் ஸ்டாப் வரை வந்தாள். பஸ் கிளம்பும் முன்பே திரும்பி நடந்துவிட்டாள்.

ஜூன் 16, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. ஆராதனை முடிந்து லீலா வந்தாள். உன் பெயரை எழுத மாட்டேன், நீ வரவில்லையே என்றேன். இதைச் சொல்ல ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்தேன்.

"அப்போ நான் இத்தன நாளு வந்தது?" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். புதன்கிழமைப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

ரேடியோவில் பேட்டரி தீர்ந்துவிட்டது.

ஜூன் 18, செவ்வாய்

வக்கீல். பைஸ்டாண்டர் யாரும் இல்லை என்றேன். பக்கத்து வீட்டுக்காரி யாராவது போதும், ஒருவரும் துருவிக் கேட்கமாட்டார்கள் என்று மலையாளத்தில் சொன்னார். வேண்டாம் என்றேன். அந்த வரியின் மேல் கோடு இழுத்தார். எட்டு இடத்தில் கையெழுத்து. மனு இந்த வாரம் போகும்.

ஜூன் 19, புதன்

யாரும் வரவில்லை. மரச்சீனி நானே வேகவைத்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று தெரியாமல் அதிகமாகிவிட்டது.

ஜூன் 20, வியாழன்

சாயங்காலம் தாசன். மழையில் முற்றத்திலேயே நின்றான். உள்ளே வா மக்கா என்று இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

குமாஸ்தா அவனுக்குச் சினேகிதர். கோடு இழுத்த விஷயம் தெரிந்திருக்கிறது. லீலாவை நாணங்கெடுத்துவிட்டேன் என்றான். மூன்று நாளாக வீட்டில் அழுகிறாளாம்.

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "செரி, நாங்க ஆரும் வரல்ல. அக்காக்கு கஞ்சி ஆரு தந்தா?"

ஏழு மாதத்தில் இன்றுதான் கேட்கிறான்.

பிலோமி என்று ஒருத்தி என்று ஆரம்பித்தேன். முதல் நாளிலிருந்து. பெட்பான் விஷயம்கூட, வெட்கப்படாமல். நடுவில் ஒருமுறை எழுந்தான், போகப் போகிறான் என்று நினைத்தேன். சட்டையைக் கழற்றிப் பிழிந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தான். மழை விட்டதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. லீலா மகளை அனுப்பி அவனைக் கூப்பிட்டபோது பதினோராம் நாள் வரைதான் சொல்லியிருந்தேன்.