டப்பாவுக்குள் வாழை இலை

அம்மா,

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதலில் சாப்பிடு. ரசம் அடுப்பின் மேல். சாவியை இந்தக் கடிதத்தோடு பக்கத்து வீட்டு ஃபஸீலா அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன்.

இன்று முதல் தெர்மாகோல் டப்பா கூடாது, நாம் கொடுக்கும் மதியச் சாப்பாட்டை இலையில்தான் தர வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள் அல்லவா? அத்தா பழைய டப்பாவுக்குள்ளேயே இலையை வெட்டிப் போட்டு, அதன்மேல் தக்காளிச் சோறு வைத்து ஆட்டோவில் கொண்டுபோய்விட்டார். போன் செய்தேன்.

"சோறு இலை மேலதானே கீது? டப்பா சும்மா தாங்கிக்கினு கீது. இதுல இன்னா தப்பு?" என்று சிரிக்கிறார்.

இனி டப்பாவைப் பார்த்தால் வேறு ஆளிடம் சாப்பாடு வாங்கிக்கொள்வோம் என்று பெரிய டீச்சர் சொன்னது அவருக்கு உறைக்கவே இல்லை. நான் வரும்வரை எதையும் இறக்காதீர்கள் என்று கெஞ்சியிருக்கிறேன்.

டப்பாவிலிருக்கும் இலையையும் சோற்றையும் மாற்றி வைக்க உன் பெரிய சஹன் தட்டுகளை எடுத்துக்கொண்டேன். நம் வீட்டுக் கல்யாண விருந்தில் சாப்பிடுவது போல, பிள்ளைகளும் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடட்டும். கேட்காமல் எடுத்ததற்குத் திட்டாதே.

நான் பாதியில் படிப்பை நிறுத்திய அதே பள்ளிக்கூடம். வாட்ச்மேன் அடையாளம் கண்டுகொண்டு, "மறுபடி சேர வந்தியாம்மா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டால்?

"நீ அந்த வாசலை மிதிக்க மாட்டே, ஊட்டுலயே கெட" என்று நேற்று சொன்னாயே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

மர்வா

பெரிய டீச்சர் முன்னால் வார்த்தை வராது. அதனால் சொல்ல வேண்டியதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். வியர்வையில் இப்போதே பாதி அழிந்துவிட்டது.

கோபம் அப்படியே இருக்கட்டும். சீக்கிரம் வந்துவிட்டால் நீயும் அங்கே வா அம்மா.