அம்மாவுக்கு நீ சொன்ன வெள்ளை

நீ போய்ச் சில மாதம் கழித்து மாண்ட்ரீலிலிருந்து உன் பெட்டி வந்து சேர்ந்தது. ஆர்.எஸ்.புரத்தில் என் வீட்டு ஹாலில் வைத்துத் திறந்ததும் ஆளிவிதை எண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. உள்ளே உன் பெயிண்ட் டியூப்கள். வெள்ளை மட்டும் கடைசிச் சொட்டுவரை பிதுக்கப்பட்டுச் சப்பையாகக் கிடந்தது. தம்பி, செத்தவர்களைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் போகிறேன்.

உன் கை போகிற போக்கை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. அங்கே போன புதிதில் ஹோட்டலில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து வரைந்தாய். கண்ணை மூடிப் பெட்டிக்குள் கையை விடுவாய். அகப்பட்ட டியூப்தான் அன்றைய நிறம். "யோசிச்சா நிறம் செத்துப்போயிரும்க்கா" என்பாய். இங்கே இருந்தபோதும் அப்படித்தான். சூலூர் வீட்டுச் சமையலறைக் கதவுக்கு நீ கத்திரிப்பூ நிறம் அடித்தபோது அப்பா வையாத வசவில்லை. அம்மா மட்டும் அந்தக் கதவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

அந்த அம்மாவுக்குத்தான் நீ இதைச் செய்தாய்.

அப்பாவின் காரியத்துக்கு வந்திருந்தாய். அம்மாவின் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை எடுக்கவேண்டிய மாமாவே, "இப்பெல்லாம் ஆருங்க வெள்ளை கட்டறாங்க? கலர்லயே எடுத்துப்போடலாமுங்க" என்றார். நான் கிளிப்பச்சையில் ஒரு காட்டன் சேலை வாங்கியே வைத்திருந்தேன். அம்மாவும் வேண்டாமென்று சொல்லவில்லை. வழக்கம் பேசவேண்டிய பெரியவர்களெல்லாம் சும்மா இருக்க, வெளிநாட்டிலிருந்து வந்த நீ வாயைத் திறந்தாய். "அம்மாவுக்கு வெள்ளைதாங்க. எனக்கு அப்படித்தான் தோணுது." ஒரே மகன் சொன்னபிறகு யார் பேசுவார்கள்? மறுநாளே அம்மாவை வெள்ளைச் சேலையில் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து வரைய ஆரம்பித்தாய்.

அந்தப் படங்கள்தான் உனக்குப் பேர் வாங்கித் தந்தன. ஏன் வெள்ளை என்று ஒரு பேட்டியில் கேட்டார்கள். "என் கை தேர்ந்தெடுத்தது" என்றாய். உன் கையா கட்டிக்கொண்டது? கட்டிக்கொண்டவள் அம்மா.

படம் முடிந்தபிறகும் அம்மா வெள்ளையையே கட்டுகிறாள் என்று போனில் சண்டை பிடித்தேன். "படத்துக்குத்தானக்கா கேட்டேன். இனி அம்மா எதை வேணுனாலும் கட்டிக்கட்டும்" என்று சிரித்தாய். அதை அவளிடம் சொல்லடா என்றேன். சொல்கிறேன், சொல்கிறேன் என்று வருஷங்களை ஓட்டினாய். அடுத்த கண்காட்சி, அதற்கடுத்த கண்காட்சி.

நேற்று அந்தப் பச்சைச் சேலையை அம்மா முன்னால் விரித்தேன். நீ போனில் சொன்னதையும் சொன்னேன். கதவைத் தொட்டது போலவே சேலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது அம்மணி. ஆனா அவன் வெள்ளைதான்னு சொல்லிப்போட்டுப் போனான். என்ர கிட்ட மாத்திச் சொல்லலியே."

சேலையை மடித்து மறுபடியும் பீரோவில் வைத்தேன். அதன்மேல் உன் பெட்டியிலிருந்த பச்சை டியூபையும் வைத்திருக்கிறேன். மூடிகூடத் திறக்காத டியூப். அம்மாவுக்கு ஒரே ஒரு போன் போட்டிருந்தால் போதுமேடா.