விடுதலைப் பத்திரம்

அக்கா,

இன்று மத்தியானம் பேங்கில் வீட்டுப் பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். "அடமானம் தீந்துச்சு அண்ணாச்சி, இனி உங்க வீட்டுக்கு விடுதலை" என்று கிளார்க் சிரித்தார். பத்திரக் கட்டின் மேலாக இருந்தது உன் கைநாட்டு. பன்னிரண்டு வருஷமாகியும் மை வெளுக்கவில்லை.

அத்தான் அடித்த காயத்தோடு நரிக்குடியிலிருந்து வந்து, இரண்டு வருஷம் அருப்புக்கோட்டையில் நம் வீட்டில் இருந்தாய். அவரை அத்துவிட்டு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கித் தா என்று தினமும் நச்சரித்தாய். எனக்கோ வீட்டு முன்னால் போட்டிருந்த நூல் கடைதான் கவலை. பணம் கட்டிச் சரக்கை எடுக்க லாரி ஆபீசுக்குப் போய் வந்த ஆளிடம், "நூல் பேல் விடுதலை ஆச்சா?" என்று கேட்டால், உள்ளேயிருந்து நீ குரல் கொடுப்பாய்: "மூட்டைக்கெல்லாம் விடுதலை கெடைக்குது, எனக்கு எப்பலே?"

அப்பா வைத்துவிட்டுப் போன வீட்டில் உனக்கும் பாதி உண்டு. அதை நீ விட்டுக்கொடுத்தால்தான் எனக்கு லோன். அப்படி எழுதிக் கொடுப்பதற்கும் விடுதலைப் பத்திரம் என்றுதான் பெயர். "ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வாக்கா, விடுதலைப் பத்திரம் எழுதியாச்சு" என்றேன். ஒரு சொல்லும் பொய் இல்லை. இத்தனை நாளும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

தலைக்குக் குளித்து, இருந்ததில் நல்ல சேலையை உடுத்தி வந்தாய். "படிச்சுக் காட்டவா?" என்றார் பத்திரம் எழுதியவர். "எல்லாம் சொல்லியாச்சு" என்றேன். சம்மதந்தானா என்று அதிகாரி கேட்க, "இதுக்குத்தானய்யா ரெண்டு வருசமாக் காத்துக் கெடக்கேன்" என்றாய். உன் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தியது நான்.

நாலாம் நாள் அத்தான் உன்னைக் கூப்பிட வந்தார். வரச்சொல்லிக் கார்டு போட்டதும் நான்தான். "தம்பி, அந்தப் பத்திரத்தை எடுத்துக் காட்டுலே!" என்று துள்ளினாய்.

"அதுல அத்தான் பேரே இல்லக்கா. வீட்டைத்தான் எனக்கு விட்டுக் குடுத்திருக்கே."

அதற்குப்பின் நீ ஆறு மாதம்தான் இருந்தாய். காய்ச்சல் என்று சொல்லியனுப்பினார்கள். உன்னைக் குளிப்பாட்டிய பெண்கள் உன் முதுகைப் பார்த்துவிட்டு வந்து, என் முகத்தில் விழிக்காமல் ஒதுங்கிப் போனார்கள்.

அத்தான் உன்னைக் கூட்டிப்போன அன்றைக்கு, அவர் முன்னால் ஏறிக்கொள்ள, பஸ் ஜன்னலில் நீ கேட்டாய்: "அப்ப நான் எதுலருந்துலே விடுதலையானேன்?"

நான் பதிலுக்கு டிக்கெட்டை நீட்டினேன். வாங்கிய உன் கட்டைவிரலில் மை அப்படியே இருந்தது. அந்த விரலை இன்னும் என்னால் விட முடியவில்லை, அக்கா.