பெயர் போட்ட பதிவு

அண்ணா,

இன்று காலை நம் பனியன் கம்பெனியின் மண்ணரை யூனிட்டுக்குள் நுழைந்ததும் புதுத் துணியின் வாசம் அடித்தது. மேசை முழுக்க ரோல்களைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். "ஒரு நாள் ரிலாக்ஸ் ஆகி, சுருங்கறது சுருங்கட்டுங்க மேடம், அப்புறந்தான் வெட்டுவோம். கம்பெனி பிளாக்ல அந்த அண்ணன் எழுதியிருக்காருங்களே" என்றார் உங்கள் இடத்துக்குப் புதிதாகச் சேர்ந்த கட்டிங் மாஸ்டர். உங்களைப் பார்த்தே இராதவர். நீங்கள் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது.

கம்பெனி ஆட்கள் எழுதவும் படிக்கவும் இணையத்தில் ஒரு பிளாக் என்று ஆரம்பித்து, அதை என் தலையில் கட்டினார்கள். பிறந்தநாள் வாழ்த்தும் ஆயுதபூஜைப் படமும் போட்டுக் காலம் தள்ளினேன். யாரும் சீந்தவில்லை. "ஏனுங்க அம்மிணி, கல்யாணப் பத்திரிகையாட்ட இருக்குதே" என்று நீங்கள் மட்டும் கேலி செய்தீர்கள். பிறகு ஒருநாள் நீங்களே எழுதிக் கொண்டுவந்தீர்கள். ஷிப்மெண்ட் அவசரத்தில் துணியைப் பிரித்துப் போடாமல் நீங்கள் உடனே வெட்டச் சொன்னதும், தைத்தபின் பனியன்கள் சுருங்கி நீளம் குறைந்ததும் ஒளிவுமறைவில்லாமல் அதில் இருந்தன.

உங்கள் வேலை போய்விடுமோ என்று பயந்தேன். உங்களைக் கேட்காமலே பெயரை எடுத்துவிட்டுப் பதிவேற்றினேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு வேறு. தவறு யாருடையது என்று பெயர் இல்லாததால், மறுநாளே துணி விரிக்கும் ஒடிசாக்காரர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

என் மேசைக்கு வந்து நின்றீர்கள். சத்தம் போடவில்லை. "வெட்டச் சொன்னது நானுங்க. அவங்க ரெண்டு பேரும் சோறுகூடத் திங்காம உக்காந்திருக்காங்க. பேரைப் போடுங்க அம்மிணி."

போட்டேன். மேனேஜர் அறையில் நீங்கள் இருந்தவரை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து, "இனி ஒவ்வொரு ரோலுக்கும் நாந்தான் கையெழுத்துப் போடோணுமாமா. வேலை இருக்குதுங்க" என்று சிரித்தீர்கள். அன்று மாலையே சேவூர் யூனிட்டிலிருந்து ஒருவர் உங்கள் பதிவின் கீழே தன் தவற்றை எழுதினார், பெயரோடு. அப்புறம் இன்னொருவர். அந்த பிளாக்குக்கு அன்றுதான் உயிர் வந்தது.

பெயர் விடுபட்டது எப்படி என்று கேட்டவர்களிடம், "கம்ப்யூட்டர்ல ஏதோ ஆயிப்போச்சுங்க" என்றே சொல்லிவிட்டீர்கள். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

இன்று மதியம் உங்கள் பதிவின் கீழே எழுதினேன்: "அண்ணன் பெயரை முதலில் எடுத்தது நான். அதனால் இரண்டு பேர் சந்தேகத்துக்கு ஆளானார்கள்." என் பெயரையும் போட்டேன். முதல் பதில் அந்த இருவரில் ஒருவரிடமிருந்து வந்தது. இப்போது அவர் லைன் சூப்பர்வைசர். "அண்ணன் எங்க ரெண்டு பேர்கிட்டயும் அன்னிக்கே சொல்லிட்டார் மேடம். அம்மிணி பயத்துல செஞ்சுட்டாங்க, அவங்க மேல கோவிச்சுக்காதீங்கன்னு."

இத்தனை நாளும் அவர்கள் இருவரும் தெரிந்தேதான் எனக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள், அண்ணா.