நீங்கள் டிக் போடாத கட்டம்

பாய், இன்று மதியம் உங்கள் கம்ப்யூட்டரைத் திறந்தேன். சுவிட்சைப் போட்டதும் அந்தப் பழைய வாசனை, தூசி சூடேறினால் வருமே, அது மூக்கில் ஏறியது. நீங்கள் பின்னால் நிற்பதுபோல் திரும்பிப் பார்த்தேன். அது பெரிய விஷயமில்லை. உங்களை அடக்கம் செய்த நாளிலிருந்து கடைக்குள் நான் அப்படித்தான் திரும்பிக்கொண்டிருக்கிறேன். அதற்கப்புறம் நடந்ததுதான் என்னை உலுக்கிவிட்டது.

கடையைக் காலி செய்கிறோம். மயிலாப்பூர் குளத்துக்குப் பின்தெருவில் நீங்களும் நானும் கல்யாணப் பத்திரிகையும் பயோடேட்டாவும் அடித்துத் தள்ளிய கடை. ஜெராக்ஸ் மெஷின் போய்விட்டது. கம்ப்யூட்டரை ஒரு டியூஷன் சென்டருக்குக் கொடுத்துவிடலாம் என்று உங்கள் மகள் வேளச்சேரியிலிருந்து லீவு போட்டு வந்திருந்தாள். "அக்கா, அத்தாவோட துடப்பத்த ஓட்டி சுத்தமா துடைச்சிடுங்க. நாளைக்கு வந்து எடுத்துக்கினு போயிடுவாங்க" என்றாள்.

துடப்பம். நீங்கள் வைத்த பெயர். இணையத்தில் ஓசியில் கிடைத்த அந்த க்ளீனர் மென்பொருள்மேல் உங்களுக்கு என்ன பெருமை! சனிக்கிழமை சாயங்காலம் கடைசி ஆள் படி இறங்கியதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவீர்கள். வேண்டாத தற்காலிகக் கோப்புகள், பிரவுசர் விட்டுவைத்த மிச்சம் மீதி, ஆன் செய்ததும் கூப்பிடாமலே எழுந்து வரும் புரோகிராம்கள் எல்லாவற்றையும் கூட்டித் தள்ளுவீர்கள். "இப்ப பாரும்மா. மாட்டு வண்டி மாரி போய்க்கினு இருந்திச்சு, இப்ப இன்னாமா பறக்குது!" என்பீர்கள். பறக்காது. கொஞ்சம் வேகமாக நடக்கும், அவ்வளவுதான். அதைச் சொன்னால் உங்களுக்கு ரோஷம் வந்துவிடும். நான் ஒருநாள் அதைத் திறக்கப் போனதற்கு, "நீ டைப்பிங்க பாரு. துடப்பம் என் டிபார்ட்மென்ட்டு" என்று மவுஸைப் பிடுங்கிக்கொண்டீர்கள்.

உங்களுக்குத் தெரியாது என்று நான் நம்பியிருந்த ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். மதியத் தொழுகைக்கு நீங்கள் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஹெட்செட் மைக்கை வாய்ப்பக்கம் இழுத்துக்கொண்டு நான் பாடுவேன். பழைய சினிமாப் பாட்டுதான். பதிவு செய்து ஒரே ஒரு தடவை கேட்பேன். தெருவுக்குத் தெரு சபா இருக்கிற மயிலாப்பூரில் இதெல்லாம் ஒரு பாட்டா என்று கூச்சம் பிடுங்கித் தின்னும். உடனே அழித்துவிடுவேன். அழித்தது கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டிக்குப் போகும். சனிக்கிழமை உங்கள் துடப்பம் அதையும் கூட்டிவிடும். அந்த தைரியத்தில் மறுநாளும் பாடுவேன்.

திரும்பி வரும்போது ஊரே கேட்கிற மாதிரி ஷட்டரை உலுக்குவீர்கள். "மெதுவா தூக்க மாட்டீங்களா பாய்?" என்றால், "துரு புட்ச்சி கீதும்மா, நான் இன்னா பண்றது?" என்பீர்கள். நான் எண்ணெய் வாங்கி விட்ட பிறகும் அதே சத்தம்தான்.

அப்புறம் எனக்கு தைராய்டு ஆபரேஷன் ஆயிற்று. கட்டி போனது, குரலும் கூடவே போனது. வேலைக்குத் திரும்பிய அன்று "வந்துட்டேன் பாய்" என்றேன். கரகரவென்று வந்தது. இதற்குமேல் தேறாது என்று டாக்டர் சொல்லியிருந்ததையும் சொன்னேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல், "டீ வாங்கியாறேன்" என்று எழுந்து போனீர்கள். ரொம்ப நேரம் கழித்து டீ இல்லாமல் வந்தீர்கள். உங்கள் மறதியைச் சொல்லி அன்று முழுக்கக் கேலி செய்தேன்.

இன்று துடப்பத்தைத் திறந்தேன். வரிசையாகக் கட்டங்கள், எல்லாவற்றிலும் டிக். குப்பைத் தொட்டிக்கு நேரே இருந்த கட்டம் மட்டும் காலி. மறந்திருப்பார் என்று நானே டிக் போடப் போனேன். உங்கள் மகள் தடுத்தாள். "இருங்கக்கா. அத்தா வேணும்னுதான் எடுத்து வுட்டிருப்பாரு. உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டு அழிக்கலாம்."

திறந்தாள். பாய், ஒன்றுகூடப் போகவில்லை. நான் அழித்த அத்தனை பாட்டும் அங்கே கிடந்தது. அவள் மவுஸை உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் ஒன்றை மீட்டெடுத்து ஓடவிட்டாள். ஸ்பீக்கரில் என் குரல். ஆபரேஷனுக்கு முந்தைய குரல். அது எப்படி இருக்கும் என்பதையே நான் மறந்து போயிருந்தேன்.

"யாரு அக்கா பாடறது?" என்றாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டில் நான் எப்போதும் இரண்டாவது சரணத்தை முதலில் பாடிவிடுவேன். அந்த இடம் வந்ததும் அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அத்தா இப்படித்தான் பாடுவாரு! வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் இதே பாட்டுதான். 'மொதல் சரணம் இது இல்ல அத்தா'ன்னு நானும் அம்மாவும் எவ்ளோ சண்ட போட்டிருக்கோம் தெரியுமா? 'எனக்குக் கத்துக் குடுத்தவங்க இப்டிதான் பாடுனாங்க'ம்பாரு. யாருன்னு மட்டும் சொல்லவே மாட்டாரு."

வெளியே நின்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டு முடியும்வரை வெயிலில் நின்றுவிட்டு, அப்புறம் ஷட்டரை உலுக்கியிருக்கிறீர்கள். உண்மையைச் சொன்னால் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் அன்றோடு பாட்டை நிறுத்தியிருப்பேன். அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

"நான்தாம்மா" என்றேன். அவள் ஸ்பீக்கரைப் பார்த்தாள், என் கழுத்துத் தழும்பைப் பார்த்தாள். எல்லாப் பாட்டையும் இரண்டு பென் டிரைவில் ஏற்றினாள். ஒன்று எனக்கு, ஒன்று அவள் அம்மாவுக்கு. அதற்கப்புறம்தான் அந்தக் கட்டத்தில் டிக் போட்டோம்.

பென் டிரைவ் என் கைப்பையில் இருக்கிறது. கேட்கும் துணிச்சல் இன்னும் வரவில்லை. என் குரலை ஆபரேஷன் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், பாய். அது உங்கள் வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறது.