இருபத்தைந்தில் இல்லாத பெயர்

ஜனவரி 9

ஆக்கிம் கூப்பிட்டனுப்பினார். ஆளுநர் என்பதால் மாகாணமே அவர் கையில். எங்கள் கெங்சாய் கால்பந்து கிளப்புக்குச் சோறு போடுவதும் அவர்தான். தேநீர் வந்தது. நான் ஒரு வாய் குடிப்பதற்குள் சொல்லிவிட்டார்.

"எர்ஜிகித், அஞ்சு வருஷமா அடுத்த வருஷம் அடுத்த வருஷம்னுதான் சொல்றீங்க. இந்த வருஷம் லீக் கோப்பை வரணும். வரலைன்னா கிளப்ப மூடிட்டு ஐஸ் ஹாக்கிக்கு அரங்கம் கட்டிடுவேன்."

பக்கத்தில் அவருடைய துணை அதிகாரி தோலெகென் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். நான் "ஆகட்டும் ஐயா" என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேன்? போன வருஷம் நாங்கள் ஆறாவது இடம். பதினாறு வருஷம் இந்தக் கிளப்புக்காக ஓடினேன். பதினாறு வருஷமாக அணிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இதை மூடினால் எனக்குப் போக வேறு இடம் இல்லை.

ஜனவரி 12

பயிற்சியாளர் சூராப் ஜார்ஜியாக்காரர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. போன வருஷப் பட்டியலை மேசையில் விரித்து மூன்று பெயர்களை அடித்தார்.

"முன்னால கோல் போட ஒருத்தன் வேணும். நடுவுல ஓட ஒருத்தன் வேணும். பின்னால அஞ்சாம் நம்பருக்கு ஒருத்தன் வேணும்."

மூன்றாவதைச் சொன்னபோது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐந்தாம் நம்பர் பெக்சுல்தான். எங்கள் கேப்டன், வயது முப்பத்து நான்கு. என் அக்கா ரௌஷானின் மகன்.

ஜனவரி 23

கோல் போட ஆள் கிடைத்தான். கானாக்காரன், க்வாபெனா. மைனஸ் இருபத்தாறு குளிரில் விமானத்தைவிட்டு இறங்கியவன், திரும்பி ஏறப் பார்த்தான். நானும் டிரைவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டோம்.

பிப்ரவரி 4, அந்தாலியா

வழக்கமான துருக்கி முகாம். போலந்து அணியோடு பயிற்சி ஆட்டம். பத்தொன்பது வயசுப் பொடியன் ஒருவன் பெக்சுல்தானை மூன்று முறை தாண்டிக்கொண்டு போனான். மூன்றாம் முறை சூராப் என்னைப் பார்த்தார். நான் ஷூ கயிற்றைக் கட்டினேன். ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

பெக்சுல்தானுக்கு ஒரு கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை. சாப்பாட்டு மேசையில் பையன்கள் முன்னால் என்னை வம்புக்கு இழுத்தான். "மாமா, உங்க காலத்துல பந்து உருண்டையாவா இருந்துச்சு? இல்ல, சதுரமா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவன் இடத்துக்கு ஆள் பார்த்தாகிவிட்டது. அன்சார், இருபத்து நான்கு வயது, இடது கால்காரன். நாளை மறுநாள் முகாமுக்கு வருகிறான். பெக்சுல்தானுக்கு யார் சொல்வது? நான்தான் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம்.

பிப்ரவரி 6

சொல்லவில்லை.

பிப்ரவரி 17

ஊர் திரும்பிவிட்டோம். காலையிலேயே அக்காவின் போன்.

"தம்பி, லீக்குக்குப் பதியுற இருபத்தஞ்சு பேர்ல என் பையன் இருக்கானா?"

"இன்னும் முடிவாகலக்கா."

"யார்கிட்ட கதை விடுற? அவனுக்கு உங்கிட்ட இன்னும் ஒண்ணு பாக்கியிருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

மறப்பேனா! எங்கள் வழக்கப்படி மருமகன் தாய்மாமனிடம் வாழ்நாளில் மூன்று முறை கேட்கலாம். எதைக் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். கொடுக்காத மாமனுக்குச் சபையில் மரியாதை கிடையாது; செத்தால் தோள் கொடுக்கக்கூட யோசிப்பார்கள். ஏழு வயதில் முதல் முறை கேட்டான். நான் வளர்த்த குதிரைக்குட்டியைக் காட்டி "அது" என்றான். கொடுத்துவிட்டு லாயத்துக்குப் பின்னால் போய் அழுதேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது, வெட்கக்கேடு. இரண்டாவது முறை அவனுக்குப் பதினெட்டு. எனக்கு இன்னும் ஒரு வருஷம் ஆட ஆசை இருந்தது, முழங்காலும் சம்மதித்தது. "மாமா, உங்க அஞ்சாம் நம்பர் சட்டை" என்றான். கழற்றிக் கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். பொய். வயிறு எரிந்தது.

மூன்றாவதாக அவன் வாயைத் திறந்து "இருபத்தஞ்சுல எனக்கொரு இடம்" என்றால் தீர்ந்தது. அன்சாரை அனுப்ப வேண்டும், சூராப் கோபித்துக்கொண்டு போவார், கோப்பை போகும், கிளப்பும் போகும். அவன் கேட்டால்தானே? கேட்க விடக் கூடாது.

பிப்ரவரி 25

மாடிப்படியில் அவன் குரல் கேட்டால் கழிப்பறைக்குள் புகுந்துகொள்கிறேன். ஆபீசுக்குப் போக இப்போது பாய்லர் அறைக் கதவுதான். கோட்டெல்லாம் கரி. என் மனைவி மைரா கரியைத் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டாள்: "ஐம்பது வயசு ஆம்பள, சொந்த மருமகனுக்குப் பயந்து எலி மாதிரி போறீங்களாக்கும்?"

"அவனுக்குப் பயமில்லடி. அவன் வாய்க்குப் பயம்."

"அந்த வாய்க்குப் பால் ஊட்டி வளத்தவங்க இந்த வீட்டு மனுஷங்கதான்," என்றாள்.

மார்ச் 1

இன்று மாலை ஆறு மணியோடு பெயர்ப் பதிவு முடிந்தது.

மதியமே போனை அணைத்தேன். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் சாப்பிடும் கடைக்குப் போய் மூலையில் உட்கார்ந்தேன். ஐந்து நாற்பதுக்கு இருபத்தைந்து பெயர்களையும் அனுப்பினேன். ஐந்தாம் எண்ணுக்கு நேரே அன்சார். அவசரத்தில் ஒரு முறை தப்பான பொத்தானை அழுத்தினேன். ஆறு அடித்த பிறகுதான் போனை எழுப்பினேன். பெக்சுல்தானிடமிருந்து பதினொரு அழைப்புகள்.

இரண்டு மணியிலிருந்து ஆறு வரை என் அறை வாசலில் நின்றானாம். காவலாளி சொன்னார். நாற்காலி போட்டும் உட்காரவில்லையாம்.

நான் செய்தது சரி. அணிக்காகச் செய்தேன். சரிதானே? சரி என்றால் ஏன்டா ஓடினே?

மார்ச் 2

என் மேசையில் கேப்டன் பட்டையும் அலமாரிச் சாவியும். கடிதம் கிடிதம் ஒன்றும் இல்லை.

மார்ச் 22

நவ்ரூஸ், எங்கள் புத்தாண்டு. மைரா கஞ்சி காய்ச்சி அக்கா வீட்டுக்குப் பானையோடு அனுப்பினாள். மூடி திறக்காமல் திரும்பி வந்தது. பண்டிகைக் கஞ்சியை யாராவது திருப்பி அனுப்புவார்களா? அக்கா அனுப்பினாள்.

மே 18

ஆறு ஆட்டம் தொடர்ந்து வெற்றி. முதல் இடம்! க்வாபெனா ஒன்பது கோல். அன்சார் ஒருத்தனையும் தாண்ட விடுவதில்லை. ஆக்கிம் தோளில் தட்டினார். பதினாறு வருஷத்தில் நான் கட்டிய அணிகளில் இதுதான் அணி. சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அக்கா நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

பெக்சுல்தான் ரயில்வே பள்ளி மைதானத்தில் தனியாக ஓடுகிறான் என்று கேள்வி.

ஜூலை 3

இடைக்காலப் பதிவு திறந்ததும் கர்ஷோகி கிளப் அவனைச் சேர்த்துக்கொண்டது. பட்டியலில் அடியில் கிடக்கும் அணி. எப்படியோ, ஒரு பாரம் இறங்கியது.

அக்டோபர் 19

டிரா. கடைசி நிமிஷத்தில் ஒரு கோல் வாங்கிக் கட்டிக்கொண்டோம். எரிச்சலில் தண்ணீர்ப் பாட்டிலை உதைத்துக் கால்விரல் வீங்கிவிட்டது.

இனி ஒரே ஆட்டம். தலைநகர்க்காரர்களைவிட ஒரே ஒரு புள்ளி முன்னால் இருக்கிறோம். அவர்கள் கடைசி ஆட்டத்தை ஊதித் தள்ளிவிடுவார்கள், சந்தேகமில்லை. ஆக நாங்கள் ஜெயித்தே ஆக வேண்டும். டிராகூடப் போதாது. ஆட்டம் கர்ஷோகியில். ஆமாம், அதே கர்ஷோகி. அவன் வந்த பிறகு அவர்கள் சொந்த மைதானத்தில் வாங்கியது மொத்தம் இரண்டே கோல்.

அக்டோபர் 22

தோலெகென் ஆபீசுக்கே வந்தான். கதவைச் சாத்திவிட்டுப் பேசினான்.

"அண்ணே, அவங்க பின்வரிசைல நிக்கிறது உங்க மருமகன்தானே? கர்ஷோகிக்கு இந்த ஆட்டத்துல ஜெயிச்சாலும் ஒண்ணுதான், தோத்தாலும் ஒண்ணுதான். சொந்தக்காரங்க வீட்டுக்கு ஒரு டீ குடிக்கப் போறதுல என்ன தப்பு?"

'வெளியே போடா' என்று சொல்லியிருக்க வேண்டும். "பாக்கலாம்" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

அக்டோபர் 24

போனேன்.

நான்கு மணி நேரம் ஓட்டினேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை. 'மாப்ளே, கிளப்பை நினைச்சுப் பாரு' — சீ. 'உன் பழைய பசங்க சோத்தை நினைச்சுப் பாரு' — அதுவும் சீதான்.

வாடகை வீடு, மூன்றாவது மாடி. அவனே கதவைத் திறந்தான். முழங்காலில் ஐஸ் பை கட்டியிருந்தான். ஆச்சரியப்படவில்லை. "வாங்க மாமா. இந்தப் பக்கம் பாய்லர் ரூம் கிடையாது, நேராவே வரலாம்," என்றான்.

பால் விட்ட தேநீர் ஊற்றினான், ரொட்டி வைத்தான். மாமனுக்கு வைக்க வேண்டிய மரியாதையில் ஒன்றும் குறையவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அன்னிக்கு எதுக்கு ஓடினீங்க?" என்றான்.

"நீ இடம் கேட்டுடுவேன்னு."

"நான் இடத்தக் கேட்டு வாங்குவேன்னு நெனச்சீங்களா? முகத்தப் பாத்து 'நீ வேண்டாம்டா'ன்னு சொல்லுங்க, அதுக்குத்தான் நாலு மணி நேரம் நின்னேன். அத எங்கம்மாகிட்டயும் சொல்லல. பதினாறு வருஷம் ஆடினேன் மாமா. போய்ட்டு வான்னு ஒரு சொல்லு."

கோப்பையை வைத்தேன், எடுத்தேன். பிறகு எப்படியோ தொண்டையைக் கனைத்து "பெக்சுல்தான், நான் எதுக்கு வந்தேன்னா..." என்று ஆரம்பித்தேன். அவன் கையை உயர்த்தினான்.

"இருங்க. எனக்கு ஒண்ணு பாக்கியிருக்கு. அத இப்பக் கேக்குறேன்."

எழுந்து நின்றேன். மருமகன் கேட்கும்போது உட்கார்ந்திருக்கக் கூடாது.

"ஞாயித்துக்கிழமை ஆட்டத்தப் பத்தி நீங்க எங்கிட்ட எதையும் கேக்கக் கூடாது. இப்பவும் கேக்கக் கூடாது, பின்னாடியும் கேக்கக் கூடாது. சாகுற வரைக்கும். இதான் நான் கேக்குறது."

"கொடுத்தேன்," என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

வாசல் வரை வந்து காலணியை எடுத்து வைத்தான். திரும்பி வரும்போது அழுகை வந்தது. நிம்மதியாகவும் இருந்தது. கேட்காமல் தப்பித்தேன். அவன்தான் என்னைத் தப்புவித்தான்.

அக்டோபர் 26

ஒன்றுக்குச் சுழியம். நாங்கள் சாம்பியன்.

எண்பத்து மூன்றாம் நிமிஷம் வரை அந்தப் பயல் எங்களை உயிரோடு கொன்றான். க்வாபெனா அடித்ததைக் கோட்டிலிருந்து எடுத்தான். இன்னொன்றை முகத்தில் வாங்கினான், மூக்கில் ரத்தம். பஞ்சை அடைத்துக்கொண்டு மறுபடி வந்து நின்றான்.

அப்புறம் கார்னர். பந்து நேரே அவன் தலைக்குத்தான் வந்தது. ஆயிரம் முறை அவன் முட்டி வெளியே தள்ளிய பந்து. அவன் குதிக்கவில்லை. பின்னாலிருந்த க்வாபெனா தலையால் தொட்டான். கோல்.

ஆக்கிம் என்னைக் கட்டிப்பிடித்தார். யார் யாரோ தூக்கிப் போட்டார்கள். மேலே போகும்போது பெக்சுல்தானைத் தேடினேன். கூட்டத்தில் தெரியவில்லை.

அக்டோபர் 29

அந்த நான்கு விநாடியை முப்பது முறையாவது ஓட்டிப் பார்த்துவிட்டேன். முழங்கால் மடங்கியதா? மூக்குப் பஞ்சு பந்தை மறைத்ததா? முன்னால் நின்றவன் தள்ளினானா? இருபத்தொன்பதாம் முறை பார்த்தபோது தள்ளியதுபோல் இருந்தது. முப்பதாம் முறை பார்த்தபோது இல்லை.

ஹாக்கிப் பேச்சே இப்போது இல்லை. கிளப் பிழைத்தது. மைரா பாடிக்கொண்டே வீட்டைக் கூட்டுகிறாள்.

நவம்பர் 8

அக்கா வீட்டில் விருந்து. குதிரைக்கறி. அக்கா வாசலில் கட்டிக்கொண்டு அழுதாள். எட்டு மாசக் கோபம், ஒரு கோப்பையில் போய்விட்டது. மைராவும் அழுதாள்.

பெக்சுல்தான் எனக்கு நேரெதிரே உட்கார்ந்திருந்தான். மூக்குத் தண்டில் தழும்பு. "இதோட ஆட்டத்த விட்டுட்டேன் மாமா," என்றான், சாதாரணமாக. சபையில் ஒரு கிழவர் தட்டைத் தள்ளிவிட்டு, "ஏம்ப்பா, அந்தப் பந்துக்கு நீ ஏன் எம்பல?" என்று உரக்கக் கேட்டார். எல்லாக் கைகளும் நின்றன. அவன் அவர் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்தான். கண்ணை எடுக்கவே இல்லை.

நான் கறித்தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வைங்க மாமா," என்றான்.